போர்ட், ஷெரி, மதேராவுடன் சாக்லேட் டெசர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருந்தில் கேக் வந்த பிறகும், சாப்பாட்டோடு குடித்த ரெட் ஒயினையே தொடர்வது பலருடைய வழக்கம். இரண்டு வாய் கேக்குக்குப் பிறகு ஒயின் கசக்கிறது என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். சாக்லேட்டுக்கு ஈடுகொடுக்கும் ஒயின்கள் தனியாக இருக்கின்றன: போர்ட், ஷெரி, மதேரா போன்ற ஃபோர்ட்டிஃபைட் (ஸ்பிரிட் சேர்த்த) ஒயின்கள். அவற்றைச் சென்னை வெயிலில், சென்னைக் கடைகளில் கிடைக்கும் கேக்கோடு எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இங்கே விஷயம். தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

ஃபோர்ட்டிஃபைட் ஒயின் என்றால் என்ன?

திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் வீரியமான திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், ஆல்கஹாலாக மாறாத சர்க்கரை ஒயினிலேயே தங்கிவிடும். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் போர்ட் தயாரிக்க 77 சதவீத ஸ்பிரிட்டைப் பயன்படுத்துகிறார்கள். 550 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 435 லிட்டர் சாறும் 115 லிட்டர் ஸ்பிரிட்டும் வழக்கமான கணக்கு. முடிவில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும்; சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 100 கிராம்.

ஸ்பெயினின் பெட்ரோ ஹிமெனெஸ் ஷெரி (கடைகளில் பி.எக்ஸ்.) வேறு வழியில் வருகிறது. திராட்சையைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, உலர்திராட்சை பதத்துக்கு வந்ததும் பிழிகிறார்கள். இதில் சர்க்கரை லிட்டருக்கு 300, 400 கிராம் வரை போகும். ஊற்றினால் சிரப் மாதிரி மெதுவாக இறங்கும்.

சாதாரண ரெட் ஒயின் ஏன் ஒத்துவருவதில்லை?

ரெட் ஒயினில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கோகோவிலும் அதே வகைத் துவர்ப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் துவர்ப்பு கூடும். அதோடு, இனிப்பு சாப்பிட்ட நாக்குக்கு இனிப்பில்லாத ஒயின் புளிப்பாகத்தான் தெரியும். பாயசம் குடித்த கையோடு சர்க்கரை குறைவான காபியைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே அடிப்படை விதி ஒன்றுதான்: ஒயின், டெசர்ட்டைவிட இனிப்பாகத் தெரிய வேண்டும். 'தெரிய வேண்டும்' என்பதைக் கவனியுங்கள். கணக்குப் பார்த்தால் கேக்கில்தான் சர்க்கரை அதிகம். ஆனால் கோகோவின் கசப்பும் வெண்ணெயின் கொழுப்பும் அதை மறைக்கின்றன. ஒயினில் கரைந்திருக்கும் சர்க்கரையோ நாக்கில் பட்டவுடன் தெரிகிறது. லேபிள் எண்ணைவிட நாக்கை நம்புங்கள்.

எந்த ஒயினுக்கு எந்தச் சாக்லேட்?

ரூபி போர்ட், எல்.பி.வி. போர்ட் இரண்டிலும் செர்ரி, நாவல்பழம் போன்ற பழச்சுவை முன்னால் நிற்கும். எல்.பி.வி. என்பது ஒரே ஆண்டின் அறுவடையை 4 முதல் 6 ஆண்டு பீப்பாயில் வைத்துப் பாட்டிலில் அடைத்தது. 60 முதல் 70 சதவீத டார்க் சாக்லேட்டில் செய்த டார்ட், மாவில்லாத கேக், செர்ரியோ ஸ்ட்ராபெரியோ சேர்ந்த டெசர்ட் ஆகியவற்றுக்கு இவை. மில்க் சாக்லேட்டோடு ரூபி ஊற்றினால் பழச்சுவை அடங்கி, ஸ்பிரிட் மட்டும் தொண்டையில் எரியும்.

டானி போர்ட் பீப்பாயிலேயே பல ஆண்டுகள் கிடந்து சிவப்பு மங்கி, செம்பு நிறத்துக்கு வந்தது. லேபிளில் 10, 20, 30, 40 ஆண்டு என்று போட்டிருக்கும். வறுத்த பருப்பு, காரமல், அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல் வாசனை இதன் சொத்து. மில்க் சாக்லேட், முந்திரி அல்லது பாதாம் சேர்ந்த பிரௌனி, ஹேசல்நட் ப்ராலைன், பிளம் கேக் எல்லாவற்றோடும் நன்றாகப் போகும். ஃபில்டர் டிகாஷன் சேர்த்த சாக்லேட் மூஸுக்கும் இதுதான் எங்கள் முதல் தேர்வு. டிகாஷனில் சிக்கரி அதிகமென்றால் மட்டும் கசப்பு மேலே வரும். அப்போது மதேராவுக்கு மாறுங்கள்.

மதேரா, அட்லாண்டிக்கில் உள்ள அதே பெயர்த் தீவின் ஒயின். இனிப்பானவற்றில் முதலிடம் மால்ம்ஸி, அடுத்தது புவால். புளிப்பு இதில் கூடுதல் என்பதால் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் திகட்டாது. சால்ட்டட் காரமல், கருப்பட்டி, காபி ஆகியவை சாக்லேட்டோடு சேர்ந்த டெசர்ட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றைச் சொல்ல முடியாது. கருப்பட்டியின் புகைவாசனையைப் போர்ட் அமுக்கிவிடும். மதேரா அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல: கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பல்கள் மதராஸுக்கு மதேராவை ஏற்றி வந்தன. வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் சூடேறிய பீப்பாய்கள் கெடாமல் இன்னும் சுவை கூடியதைப் பார்த்துத்தான், தீவில் ஒயினை வேண்டுமென்றே சூடாக்கிப் பழுக்கவைக்கும் முறை வந்தது.

பி.எக்ஸ். ஷெரிக்கு எதிரில் மிகக் கசப்பான சாக்லேட் வேண்டும். 80 சதவீத சாக்லேட், இனிப்புக் குறைத்த ட்ரஃபிள், சூடான பிரௌனி மேல் வெனிலா ஐஸ்க்ரீம் என்று போகலாம். ஐஸ்க்ரீம் மேல் 15 மில்லி பி.எக்ஸ். ஊற்றினாலே ஒரு டெசர்ட் தயார்.

தெற்கு பிரான்ஸின் பான்யூல்ஸ், மோரி இரண்டும் கிரெனாஷ் திராட்சையில் செய்தவை. ஆல்கஹால் 16 சதவீதம் அளவில்தான். போர்ட் காட்டமாக இருக்கிறது என்பவர்களுக்கு டார்க் சாக்லேட் ஃபாண்டன்ட்டோடு (லாவா கேக்) இவற்றைக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் ரதர்க்ளென் மஸ்கட், ஃப்ரூட் அண்ட் நட் வகைகளுக்கு. ஒயிட் சாக்லேட்டில் கோகோ திடப்பொருளே கிடையாது, கசப்பும் இல்லை. அதற்கு மஸ்கட் த போம் த வெனீஸ் போன்ற வெள்ளை மஸ்கட் போதும்.

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

10 ஆண்டு டானி. நம் பேக்கரிகளில் மில்க் சாக்லேட்டும் முந்திரியும்தான் அதிகம். திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும், டீகாண்ட் செய்யும் (கசடு விட்டு வேறு ஜாடிக்கு மாற்றும்) வேலையும் இல்லை. 20 ஆண்டு டானி அருமையானது. ஆனால் கனமான சாக்லேட் கேக்கோடு அதன் நுட்பம் பாதி காணாமல் போய்விடும். தனியாகக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எக்லெஸ் கேக்குக்குத் தனி விதி உண்டா?

உண்டு. பெரும்பாலான எக்லெஸ் பிரௌனிகளில் முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் சேர்க்கிறார்கள். அதில் பாதிக்குமேல் சர்க்கரை. முட்டை சேர்த்த பிரௌனியோடு பொருந்திய ரூபி போர்ட், எக்லெஸ் பிரௌனியோடு நீர்த்துப்போய்த் தெரிவதற்கு இதுதான் காரணம். இனிப்பில் ஒரு படி மேலே போங்கள்: பி.எக்ஸ்., க்ரீம் ஷெரி (இனிப்பூட்டிய ஷெரி வகை) அல்லது மால்ம்ஸி மதேரா. வீட்டில் செய்பவர்கள் தயிரும் பேக்கிங் சோடாவும் வைத்துச் செய்யும் முறைக்கு மாறினால் இனிப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், டானியே போதும்.

நல்ல ஒயின் வாங்கினோம், ஆனாலும் வாயில் மெழுகு ஒட்டியது மாதிரி இருந்தது. ஏன்?

கேக்கில் இருந்தது காம்பவுண்டாக இருக்கலாம். 'டார்க் காம்பவுண்ட்' என்று விற்கும் கட்டிகளில் கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். கோகோ பட்டர் 34 டிகிரி அளவில், அதாவது வாயின் சூட்டிலேயே உருகும். காம்பவுண்டில் உள்ள கொழுப்பு பலவற்றில் உருகுநிலை அதைவிட அதிகம். நாக்கில் படலமாகத் தங்கிவிடும். ஒயின் அந்தப் படலத்தின் மேல் வழுக்கிப் போகும், சுவை உள்ளே இறங்காது. பேக்கரிப் பேஸ்ட்ரி மேல் உள்ள க்ரீமும் பல இடங்களில் பால் க்ரீம் அல்ல, பனைக்கொழுப்பில் செய்த விப்பிங் டாப்பிங், விளைவு அதேதான்.

உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள் பட்டியலில் கோகோ பட்டர் இருக்க வேண்டும். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு இருக்கக் கூடாது. நம் பக்கத்திலேயே நல்ல சாக்லேட் இருக்கிறது. பொள்ளாச்சி அருகே ஆனைமலைப் பகுதியில் விளையும் கோகோவில் சோக்லெட் செய்கிறார்கள். ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ இருக்கிறது. இரண்டிலும் 70 சதவீதத்தை ஒட்டிய டார்க் வகைகள் கிடைக்கும்.

எந்தச் சூட்டில் பரிமாற வேண்டும்? 'ரூம் டெம்பரேச்சர்' என்கிறார்களே?

ஒயின் புத்தகங்கள் சொல்லும் ரூம் டெம்பரேச்சர் 16 முதல் 18 டிகிரி. சென்னை ஹாலில் ஏசி இல்லாமல் 31, 32 இருக்கும். அந்தச் சூட்டில் 20 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை ஊற்றினால் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் நெடி மட்டுமே. இந்த ஊரில் போர்ட் பிடிக்காமல் போன பலருக்குப் பிரச்சினை போர்ட் அல்ல, சூடுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ரூபிக்கும் எல்.பி.வி.க்கும் 14 முதல் 16 டிகிரி, டானிக்கும் பி.எக்ஸுக்கும் 12 முதல் 14, மதேராவுக்கு 14, வெள்ளை மஸ்கட்டுக்கு 8 முதல் 10. ஃப்ரிட்ஜுக்குள் 4, 5 டிகிரி இருக்கும். டானியை ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பும், ரூபியை முக்கால் மணி நேரம் முன்பும் வெளியே எடுங்கள். சற்றுக் குளிராகவே ஊற்றினாலும் நல்லதுதான். கிளாஸில் உள்ள 60 மில்லி நம் சூட்டில் பத்து நிமிடத்தில் சில டிகிரி ஏறிவிடும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க மறந்திருந்தால், பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் கழுத்துவரை 15 முதல் 20 நிமிடம் நிறுத்துங்கள். வெறும் ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் காற்று நிற்கும், குளிர மெதுவாகும். தண்ணீர் அவசியம்.

கேக்குக்கும் இது பொருந்தும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்த ட்ரஃபிள் கேக்கில் கோகோ பட்டர் இறுகிக் கிடக்கும், மணம் வராது. ஏசி அறையில் 20 நிமிடம் வையுங்கள். லாவா கேக் சூடாகத்தான் வர வேண்டும். அதோடு ஊற்றும் ஒயினை மேலே சொன்னதைவிட 2 டிகிரி குளிராக வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் ஒயினை மட்டும் ஒரு மிடறு. பிறகு சாக்லேட்டைக் கடித்து விழுங்காமல் நாக்கில் உருகவிடுங்கள். முக்கால்வாசி உருகியதும் இரண்டாவது மிடறு. இரண்டாவது மிடறு புளித்தால் டெசர்ட் ஒயினைவிட இனிப்பு. இன்னும் இனிப்பான ஒயினுக்குப் போங்கள், அல்லது கேக் மேல் கசப்பான கோகோ பவுடரைத் தூவுங்கள். வாய் உலர்ந்து துவர்த்தால் டானின் அதிகம்: இளம் வின்டேஜ் போர்ட்டும் (ஒரே ஆண்டின் அறுவடையைச் சீக்கிரமே பாட்டிலில் அடைத்துப் பழுக்கவைப்பது) 85 சதவீத சாக்லேட்டும் சேர்ந்தால் இப்படி ஆகும். எரிந்தால் ஒயின் சூடாகிவிட்டது, அல்லது சாக்லேட்டில் மிளகாய், இஞ்சி இருக்கிறது. ஆல்கஹால் காரத்தைத் தூக்கிக் காட்டும். காரமான சாக்லேட்டுக்கு ஆல்கஹால் குறைந்த பான்யூல்ஸ் நல்லது. எதுவுமே தெரியாமல் ஒயின் வெறும் தண்ணீராக இருந்தால் கொழுப்பு நாக்கை மூடியிருக்கிறது. கேக் துண்டைச் சிறிதாக்கி, மேலே ஒரு சிட்டிகை கல்லுப்புப் பொடி போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? சர்க்கரை நோயாளிகள் குடிக்கலாமா?

ஒருவருக்கு 60 மில்லி, பி.எக்ஸ். என்றால் 30 மில்லி. 750 மில்லி போர்ட் பாட்டில் 12 பேருக்கு வரும். ஷாட் கிளாஸில் விளிம்புவரை ஊற்றினால் மணம் சேர இடமில்லை. 150 முதல் 200 மில்லி பிடிக்கும் சிறிய ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். இனிப்பாக இருப்பதால் லேசானது என்று நினைக்க வேண்டாம். 20 சதவீத போர்ட் 60 மில்லியில் 12 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு ஸ்மால் விஸ்கி அளவு.

சர்க்கரை: 60 மில்லி போர்ட்டில் சுமார் 6 கிராம். லிட்டருக்கு 400 கிராம் உள்ள பி.எக்ஸில் அதே 60 மில்லிக்கு 24 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். கேக்கின் சர்க்கரை இதற்கு மேல். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரை எடுக்கும் நாட்களில் யாரும் மது அருந்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு எந்த அளவும் வேண்டாம்.

வண்டி ஓட்டப்போகிறவருக்கு ஊற்றாதீர்கள். சட்ட வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். உடல் எடை குறைந்தவருக்கு ஒரு கிளாஸ் போர்ட்டே அதைத் தாண்டிவிடலாம்.

போர்ட்டைச் சாக்லேட்டிலேயே சேர்க்கலாமா? கனாஷ் (க்ரீமும் சாக்லேட்டும் சேர்ந்த கலவை) திரிந்துவிடுகிறதே?

சேர்க்கலாம். 70 சதவீத டார்க் சாக்லேட் 200 கிராம், கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் 110 மில்லி, ரூபி போர்ட் 30 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 20 கிராம். வெளிநாட்டுக் குறிப்புகளில் க்ரீம் அளவு அதிகம் இருக்கும். அது 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீமுக்கானது. நம் க்ரீமில் நீர் அதிகம், அதே அளவு போட்டால் கனாஷ் இறுகாது.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். க்ரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கிச் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்குங்கள். பளபளப்பு வந்து, விரலில் தொட்டால் லேசான வெதுவெதுப்பு மட்டும் இருக்கும்போது (40 டிகிரிக்குக் கீழே) வெண்ணெயைச் சேர்த்து, போர்ட்டை மூன்று தவணையாகக் கலக்குங்கள். சூடாக இருக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியாகிவிடும். க்ரீம் சேர்க்காமல், உருகிய சாக்லேட்டில் நேராக இரண்டு ஸ்பூன் போர்ட் விட்டால் அந்தச் சிறு ஈரத்தில் சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு மொத்தமும் கட்டிதட்டிப்போகும்.

எண்ணெய் பிரிந்துவிட்டதா? வெதுவெதுப்பான பால் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

எல்லாவற்றுக்கும் ஃப்ரிட்ஜ்தான், நிற்கவைத்து, மூடி இறுக்கமாக. வின்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாள், எல்.பி.வி. ஒரு வாரம், ரூபி பத்து நாளிலிருந்து இரண்டு வாரம், டானியும் பி.எக்ஸும் ஒரு மாதத்துக்கு மேல். மதேரா பல மாதங்கள் அசையாது. தயாரிக்கும்போதே வெப்பத்தையும் காற்றையும் பார்த்துவிட்ட ஒயின் அது.

திறக்காத பாட்டிலைப் பரணிலும் அடுப்படி அலமாரியிலும் வைக்காதீர்கள். ஒரு மே மாதம் போதும் கெடுவதற்கு. ஃப்ரிட்ஜின் காய்கறி டிராயர் நல்ல இடம்.

வின்டேஜ் போர்ட்டின் அடியில் கசடு இருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். சுத்தமான மல்மல் துணியை டீ வடிகட்டியில் விரித்து, ஒரே சீராக ஜாடியில் ஊற்றுங்கள்; கசடு கழுத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். துணி சோப்பு வாசனை இல்லாமல் இருக்க வேண்டும்.

சென்னையில் எங்கே வாங்குவது? உண்மையான போர்ட்தானா என்று எப்படித் தெரியும்?

சில்லறை விற்பனை டாஸ்மாக் மூலம்தான். இறக்குமதி ஒயின்கள் எலைட் கடைகளில் இருக்கும். சரக்கு மாறிக்கொண்டே இருப்பதால் விருந்துக்கு முந்தின நாள் போய்த் தேடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவர் 2 லிட்டர் வரை டூட்டி ஃப்ரீயாகக் கொண்டுவரலாம்: 750 மில்லியில் இரண்டு, 500 மில்லியில் ஒன்று. புதுச்சேரியில் வாங்கிக் காரில் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

போர்ச்சுகலின் போர்ட் பாட்டிலின் கழுத்தில் எண் அச்சிட்ட உத்தரவாத முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். அது இல்லாமல் 'போர்ட்' என்று மட்டும் போட்டிருக்கும் மலிவான இனிப்பு ஒயின்கள் வேறு சரக்கு. ஆல்கஹால் அளவையும் பாருங்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் ஒழுகிய பிசுக்கு இருந்தாலோ பாட்டில் எங்கோ சூடுபட்டிருக்கிறது, வாங்காதீர்கள். நாசிக்கின் லேட் ஹார்வெஸ்ட் (தாமதமாகப் பறித்த, நன்கு கனிந்த திராட்சையில் செய்த) ஒயின்கள் நல்லவைதான், ஆனால் ஸ்பிரிட் சேர்க்காதவை. ஒயிட் சாக்லேட்டுக்கும் பழ டெசர்ட்டுக்கும் வரும், டார்க் சாக்லேட் முன் நிற்காது.

கிறிஸ்துமஸ் ஹோம்மேட் ஒயினில் பிராந்தி ஊற்றினால் போர்ட் ஆகிவிடுமா?

ஆகாது. முதலில், அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது இங்கே சட்டவிரோதம். ருசி விஷயமும் இருக்கிறது. 10 சதவீத ஒயின் ஒரு லிட்டரை 18 சதவீதமாக்க, 42.8 சதவீத பிராந்தி 320 மில்லிக்கு மேல் வேண்டும். அவ்வளவு பிராந்தி சேர்ந்தால் அதன் காரமல் வாசனைதான் மிஞ்சும், சர்க்கரையும் நீர்த்துவிடும். போர்ட்டில் கிட்டத்தட்ட இரு மடங்கு வீரியமான ஸ்பிரிட்டை, நொதித்தலின் பாதியில் சேர்க்கிறார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒயின் சரிப்படுமா?

சில ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின் பயன்படுத்துவது உண்டு. லேபிளில் வேகன் என்று இருந்தால் கவலையில்லை. விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மது அருந்தாதவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. அது மஸ்கட் ஹேம்பர்க் வகை, மேலே சொன்ன மஸ்கட் ஒயின்களின் குடும்பம்தான். அரைக் கிலோவைக் கழுவி, 50 மில்லி தண்ணீரோடு மூடி 10 நிமிடம் வேகவையுங்கள். மசித்து வடிகட்டுங்கள். விதை நொறுங்க மிக்ஸியில் அடிக்கக் கூடாது, கசந்துவிடும். சாற்றைத் திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் 150 மில்லியாகச் சுண்டவைத்து, இறக்கியதும் ஒரு டீஸ்பூன் டீத்தூளை மூன்று நிமிடம் ஊறவிட்டு மறுபடி வடிகட்டுங்கள். போர்ட்டின் துவர்ப்பு டீயிலிருந்து வந்துவிடும். அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குளிரவைத்து, ஒருவருக்கு 40 மில்லி, டார்க் சாக்லேட் கேக்கோடு. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும்.